‘தி பிராட்வே மெலடி’ (1929): அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹாலிவுட்டின் எம்.ஜி.எம். நிறுவனத்தின் இந்தப் படத்தைப் பார்க்கப் போகிறவர்களும், பார்த்துவிட்டு “இதற்கா ஆஸ்கர் கொடுத்தார்கள்?” என்று திகைத்தவர்களும், திரைப்படச் சங்கத்தில் போட்டுக் காட்ட நினைப்பவர்களும் கேட்கும் கேள்விகள் இவை. கதையின் முடிவு வரை சொல்லியிருக்கிறோம். தெரியாமல் பார்க்க விரும்புகிறவர்கள் முதல் கேள்வியையும் கடைசிக் கேள்வியையும் தாண்டிவிடலாம்.

கதை என்ன?

மகோனி சகோதரிகள் இருவர். ஊர் ஊராகப் போய் வாடெவில் எனப்படும் பல்சுவை மேடைகளில் ஆடிப் பாடிப் பிழைத்தவர்கள். அக்கா ஹேங்க் (பெஸ்ஸி லவ்) குள்ளமானவள், வாய்த்துடுக்கு உள்ளவள், கணக்குவழக்கும் சண்டையும் அவள் பொறுப்பு. தங்கை குவீனி (அனிதா பேஜ்) பேரழகி. ஹேங்கைக் கட்டிக்கொள்ளப் போகிற எடி கெர்ன்ஸ் (சார்ல்ஸ் கிங்) நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வேயில் பாட்டுக்காரன். ‘பிராட்வே மெலடி’ என்று ஒரு பாட்டுக் கட்டி, அதைப் பெரிய முதலாளி சான்ஃபீல்டின் மேடை நிகழ்ச்சியில் சேர்த்துவிட்டு, சகோதரிகளையும் வரவழைக்கிறான்.

வந்த இடத்தில் முதலாளிக்குத் தங்கை போதும், அக்கா வேண்டாம். குவீனி மன்றாடித்தான் அக்காவுக்கும் இடம் கிடைக்கிறது. போதாக்குறைக்கு எடியின் மனமும் தங்கை பக்கம் சாய்கிறது. அக்காவுக்குத் துரோகம் செய்ய மனமில்லாத குவீனி, வேண்டுமென்றே ஜாக் வாரினர் என்ற பணக்கார மைனரோடு சுற்ற ஆரம்பிக்கிறாள். ஹேங்குக்கு விஷயம் புரிந்ததும், தனக்கு எடியின் மேல் அன்பே கிடையாது என்று பொய் சொல்லி, அவனைக் கோழை என்று ஏசித் தங்கையைக் காப்பாற்ற விரட்டுகிறாள். எடிக்கும் குவீனிக்கும் கல்யாணம் ஆகிறது. ஹேங்க் புதுக் கூட்டாளி ஒருத்தியோடு மறுபடி ஊர் சுற்றக் கிளம்புகிறாள். ஆடல்பாடல் படம் என்று நினைத்து உட்காருகிறவர்களுக்கு, தோற்றவளோடு படம் முடிவது எதிர்பாராத அடி.

இதுதான் முதல் இசைப்படமா?

எதை இசைப்படம் என்கிறோம் என்பதைப் பொறுத்தது. 1927இல் வந்த ‘தி ஜாஸ் சிங்கர்’ படத்தில் பாட்டு உண்டு. ஆனால் பெரும்பகுதி ஊமைப்படம். முழுக்கப் பேசும் முதல் நீளப் படம் 1928இன் ‘லைட்ஸ் ஆஃப் நியூயார்க்’. அது குற்றக் கதை. ஆரம்பம் முதல் கடைசி வரை பேசி, கதையோடு பாட்டும் ஆட்டமும் இழைந்து வந்த இசைப்படம் என்றால் ‘தி பிராட்வே மெலடி’யைத்தான் முதலில் சொல்வார்கள். எம்.ஜி.எம். இதை “முழுக்கப் பேச்சு, முழுக்கப் பாட்டு, முழுக்க ஆட்டம்” என்று விளம்பரம் செய்தது.

படம் 1929 பிப்ரவரி 1 அன்று லாஸ் ஏஞ்சலீஸின் கிராமன்ஸ் சைனீஸ் தியேட்டரில் திரைக்கு வந்தது. அடுத்த வாரம் நியூயார்க்கில் ஆஸ்டர் தியேட்டர். செலவு சுமார் 3,79,000 டாலர். லாபம் சுமார் 16 லட்சம் டாலர். அதன்பின் எல்லா ஸ்டூடியோக்களும் மேடைக்குப் பின்னால் நடக்கும் கதைகளை வரிசையாக எடுக்கத் தொடங்கியதற்கு இந்தக் கணக்கே போதுமான காரணம்.

ஆஸ்கர் விவரம் சரியாக என்ன?

இரண்டாம் அகாடமி விருது விழா, 1930 ஏப்ரல் 3, லாஸ் ஏஞ்சலீஸ் அம்பாசடர் ஹோட்டல். 1928 ஆகஸ்ட் முதல் 1929 ஜூலை வரை வந்த படங்களுக்கான விருது. சிறந்த படத்துக்கான பரிசை வாங்கிய முதல் பேசும்படம் இதுதான். இயக்குநர் ஹாரி போமான்ட், நடிகை பெஸ்ஸி லவ் இருவரும் அந்தந்தப் பிரிவில் பரிசீலனையில் இருந்தார்கள்; பரிசு கிடைக்கவில்லை. நடிகைக்கான பரிசு ‘கொகெட்’ படத்துக்காக மேரி பிக்ஃபோர்டுக்குப் போனது. பெஸ்ஸி லவ்வுக்குக் கொடுத்திருக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

ஒலியை எப்படிப் பதிவு செய்தார்கள்? காமிரா ஏன் நகரவே மாட்டேன் என்கிறது?

எம்.ஜி.எம். பயன்படுத்தியது வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கருவிகள். மைக்கிலிருந்து வரும் மின்னோட்டம், காந்தப் புலத்துக்குள் இழுத்துக் கட்டிய இரண்டு மெல்லிய உலோக நாடாக்களை அதிர வைக்கும். நாடாக்களுக்கு நடுவே மயிரிழை இடைவெளி. அது விரிந்து சுருங்கும்போது அதன் வழியாகப் போகும் வெளிச்சம் கூடிக் குறையும். அது படச்சுருளின் ஓரத்தில் கறுப்பும் சாம்பலுமான குறுக்குக் கோடுகளாகப் பதியும். தியேட்டரில் அதே கோடுகளின் ஊடாக விளக்கொளியைப் பாய்ச்சி, மறுபுறம் உள்ள ஒளிமின்கலம் அதை மறுபடி ஒலியாக்கும். சுருள் நிமிடத்துக்கு 90 அடி, அதாவது நொடிக்கு 24 ஃப்ரேம் (தனித்தனிப் படம்), என்று மாறாத வேகத்தில் ஓட வேண்டும். ஊமைப்படக் காலத்தில் கைப்பிடியைச் சுற்றி வேகத்தைக் கூட்டிக் குறைத்த பழக்கம் இதோடு முடிந்தது.

சிக்கல், காமிரா போடும் சத்தம். மைக் அதையும் சேர்த்துப் பிடித்துவிடும். அதனால் காமிராவையும் ஒளிப்பதிவாளரையும் ஒலி வெளியேறாத ஒரு பெட்டிக்குள் அடைத்து, முன்பக்கக் கண்ணாடி வழியாகப் படம் எடுத்தார்கள். காற்றுப் புகாத பெட்டி; உள்ளே வெக்கை தாங்காது. அப்படிப்பட்ட பெட்டியைத் தள்ளிக்கொண்டு நடிகர் பின்னால் போக முடியுமா? ஒரே சமயத்தில் இரண்டு மூன்று பெட்டிகளை வெவ்வேறு கோணத்தில் வைத்து எடுத்து, பிறகு வெட்டி ஒட்டுவதே வழக்கமானது. வெளிச்சத்துக்கும் இதே கதிதான். கார்பன் ஆர்க் விளக்குகள் ரீங்காரமிடும், ஆகவே டங்ஸ்டன் பல்புகளுக்கு மாறினார்கள். அவை ஓசை எழுப்பாது, ஆனால் செட்டை அடுப்பாக்கிவிடும்.

மைக் ஓரிடத்தில் தொங்கும். நடிகர் அதைவிட்டு நாலடி விலகினால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலாகும். இந்தப் படத்தில் பேசும்போது ஆட்கள் ஏன் நெருக்கமாகக் கூடி நிற்கிறார்கள், நடக்கும்போது ஏன் பேச்சை நிறுத்துகிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். மைக் எங்கே தொங்குகிறது என்று நீங்களே விரல் நீட்டிச் சொல்லிவிடலாம்.

‘ப்ளேபேக்’ இந்தப் படத்தில்தான் பிறந்ததா?

ஆம் என்றுதான் ஹாலிவுட் வரலாற்றில் சொல்லப்படுகிறது. ஆனால் நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு உள்ள அர்த்தம் வேறு. தமிழில் 1938இன் ‘நந்தகுமார்’ தொடங்கிப் பின்னணிப் பாடல் என்றால் ஒருவர் பாட மற்றொருவர் வாயசைப்பது. இங்கே நாம் பேசுவது முன்கூட்டியே பதிந்த ஒலியைச் செட்டில் ஒலிக்கவிட்டு அதற்கேற்ப ஆடுவதை மட்டும். குரல் மாற்றம் எதுவும் இல்லை.

நடந்தது இது. ‘வெட்டிங் ஆஃப் தி பெயின்டட் டால்’ (வண்ணம் பூசிய பொம்மையின் கல்யாணம்) என்ற பெரிய ஆட்டக் காட்சியை, வாத்தியக் குழுவைச் செட்டிலேயே வாசிக்க வைத்து எடுத்தார்கள். பார்த்த தயாரிப்புத் தலைவர் இர்விங் தால்பெர்க்குக்குத் திருப்தியில்லை. மேடையில் நடப்பதைத் தூரத்திலிருந்து பார்ப்பது போல் தட்டையாக இருக்கிறது, திரும்ப எடுங்கள் என்றார். படம்தான் சரியில்லை, ஒலி நன்றாகவே வந்திருக்கிறது என்பதைக் கவனித்தவர் ஒலிப்பதிவுத் துறைத் தலைவர் டக்ளஸ் ஷியரர். (நடிகை நார்மா ஷியரரின் அண்ணன், அந்த வகையில் தால்பெர்க்குக்கு மைத்துனர்.) பதிவான ஒலியையே ஸ்பீக்கரில் போட்டு, அதற்கு ஆடவிட்டுப் படத்தை மட்டும் எடுத்துப் பிறகு இரண்டையும் சேர்த்துவிடலாம் என்றார். வாத்தியக் குழுவுக்கு இரண்டாம் முறை சம்பளம் கொடுக்க வேண்டாம். அதைவிடப் பெரிய லாபம், மைக்கே இல்லாத செட்டில் காமிரா பெட்டியை விட்டு வெளியே வரலாம். இயக்குநர் ஆட்டக்காரர்களைப் பார்த்துக் கத்தவும் செய்யலாம்.

இதில் தவறக்கூடிய இடம் வேகம். ஒலியை ஓட்டும் இயந்திரமும் காமிராவும் ஒரே மின் ஒத்திசைவில் சுழல வேண்டும். ஒரு சதவீதம் பிசகினால்கூட மூன்று நிமிடப் பாட்டின் முடிவில் 1.8 நொடி விலகிவிடும். அதாவது 43 ஃப்ரேம். அதற்குள் ஆட்டக்காரியின் கால் தரையைத் தொட்டு மறுபடி எழுந்திருக்கும். காலால் தாளம் தட்டும் ஆட்டத்தில் இரண்டு மூன்று ஃப்ரேம் பிசகையே கண் பிடித்துவிடும்.

அந்தக் காட்சி வண்ணத்தில் இருந்ததாமே?

இருந்தது. டெக்னிகலரின் இரு வண்ண முறையில் எடுக்கப்பட்டது. லென்ஸ் வழியாக வரும் ஒளியைக் காமிராவுக்குள்ளேயே இரண்டாகப் பிரித்து, சிவப்புக்கு ஒரு ஃப்ரேம், பச்சைக்கு ஒரு ஃப்ரேம் என்று ஒரே நெகட்டிவில் பதிவு செய்வார்கள். ஒவ்வொரு காட்சித் துளிக்கும் இரண்டு ஃப்ரேம் தேவைப்பட்டதால் பிலிம் இரட்டிப்பு வேகத்தில் தீரும். வெளிச்சமும் பல மடங்கு வேண்டும். தோல் நிறமும் ஆரஞ்சும் இளஞ்சிவப்பும் அழகாக வரும். நீலம் வராது.

இன்று நமக்குக் கிடைப்பது அந்தக் காட்சியின் கறுப்பு வெள்ளை வடிவம் மட்டுமே. பொம்மைக் கல்யாணத்தின் நிறத்துக்காகவே யோசித்த உடைகள் சாம்பலாகத் தெரிவதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. இணையத்தில் இதன் ‘வண்ண’த் துண்டு கண்ணில் பட்டால் நீலத்தைத் தேடுங்கள். பளிச்சென்ற நீலம் தெரிந்தால் அது பின்னாளில் யாரோ பூசியது.

இசைத்தட்டிலும் ஒலி வந்ததா? அதில் என்ன சிரமம்?

சுருளின் ஓரத்தில் பதிந்த ஒலித்தடத்தைப் படிக்கும் கருவி எல்லாத் தியேட்டரிலும் இல்லை. அதனால் அன்றைய பேசும்படங்களுக்கு இசைத்தட்டுகளும் அனுப்பினார்கள். 16 அங்குலத் தட்டு, நிமிடத்துக்கு 33⅓ சுற்று. முள் உட்பக்கத்திலிருந்து வெளியே போகும். ஒரு தட்டு, 1,000 அடி ரீல் ஒன்றுக்குச் சரியாக வரும், சுமார் 11 நிமிடம். இந்தப் படம் ஏறத்தாழ பத்து ரீல்.

ஆபரேட்டர் சுருளில் உள்ள ஆரம்பக் குறியை லென்ஸுக்கு நேரே வைத்து, முள்ளைத் தட்டின் அம்புக் குறியில் வைத்து, இரண்டையும் ஒன்றாகக் கிளப்ப வேண்டும். நடுவில் சுருள் அறுந்தால் ஊமைப்படத்தில் செய்வது போல வெட்டி ஒட்டிவிட முடியாது. எத்தனை ஃப்ரேம் போனதோ அத்தனை கறுப்பு ஃப்ரேமைச் சேர்த்தாக வேண்டும். இல்லாவிட்டால் அந்த ரீல் முடியும் வரை அக்காவின் குரலில் மாமா பேசுவார். சுருளிலேயே ஒலி இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அங்கே ஒலி தன் படத்தைவிட ஏறத்தாழ 20 ஃப்ரேம் முன்னால் அச்சாகியிருக்கும். லென்ஸின் முன் சுருள் விட்டுவிட்டு நகரும், ஒலி படிக்கும் இடத்தில் சீராக ஓட வேண்டும், ஆகவே இரண்டையும் ஒரே இடத்தில் வைக்க முடியாது. படத்தில் வெட்டிய இடம் ஒன்று, ஒலி துண்டாகும் இடம் வேறொன்று என்பது இதன் விளைவு.

ஒலி வசதியே இல்லாத தியேட்டர்களுக்காகத் தனியாக ஓர் ஊமை வடிவமும் உண்டு.

பேசும்படத்தில் எதற்கு டைட்டில் கார்டு?

பழக்கம். காட்சி எங்கே நடக்கிறது என்பதை எழுதிக் காட்டாமல் ரசிகருக்குப் புரியுமா என்று அன்று யாருக்கும் நிச்சயமில்லை.

வசனம் ஏன் இத்தனை நிதானமாக, இடைவெளி விட்டு வருகிறது?

இரண்டு காரணங்கள். ஒருவர் பேச்சின் மேல் மற்றவர் பேச்சு விழுந்தால் அன்றைய மைக்கில் இரண்டும் குழம்பும். ஆகவே ஒருவர் முடிக்கும் வரை அடுத்தவர் காத்திருப்பார். இரண்டாவது, பலருக்கும் இது புதுத் தொழில். அனிதா பேஜ் ஊமைப்பட நடிகை. குரலை எங்கே வைப்பது என்று தேடுவது தெரிகிறது. சார்ல்ஸ் கிங் மேடைக்காரர், கடைசி வரிசைக்குக் கேட்கும்படியே பேசுகிறார். மாமாவாக வரும் ஜெட் ப்ரௌட்டியின் திக்குவாய் நகைச்சுவை இன்று பார்க்கச் சங்கடம்தான்.

பெஸ்ஸி லவ் மட்டும் விதிவிலக்கு. 1910களிலிருந்து ஊமைப்படத்தில் இருந்தவர், ஆனால் மைக்கை எதிராளியாக நினைக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தோழியாக நினைத்துப் பேசுகிறார். வாக்கியத்தைப் பாதியில் விடுகிறார், மூச்சு வாங்குகிறார், முணுமுணுக்கிறார்.

பாடல்கள் யாருடையவை? எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதே?

இசை நேசியோ ஹெர்ப் பிரௌன், வரிகள் ஆர்தர் ஃப்ரீட். தலைப்புப் பாட்டு, ‘யூ வேர் மெண்ட் ஃபார் மீ’, ‘வெட்டிங் ஆஃப் தி பெயின்டட் டால்’ மூன்றும் இவர்களுடையவை. ஃப்ரீட் பின்னாளில் எம்.ஜி.எம்.மின் தயாரிப்பாளராகி, 1952இல் தங்கள் பழைய பாட்டுகளை வைத்தே ‘சிங்கின் இன் தி ரெயின்’ படத்தை எடுக்க வைத்தார். கேட்ட மாதிரி இருப்பது அதனால்தான். அந்தப் படத்தில் மைக்கைப் பூச்செடியில் ஒளித்து வைத்துப் படும் பாடெல்லாம், ‘தி பிராட்வே மெலடி’ எடுத்த நாட்களின் நிஜ அவஸ்தை.

தொடக்கக் காட்சியை மட்டும் தனியாகக் கேட்டுப் பாருங்கள். பாட்டுப் பதிப்பகம் ஒன்றில் அறைக்கு அறை ஒருவர் வெவ்வேறு பாட்டைப் பயிற்சி செய்கிறார்; எல்லாம் கலந்து சந்தை இரைச்சலாகிறது. அந்த இரைச்சலுக்குள்ளிருந்து எடியின் பாட்டு மேலே எழுகிறது. வசனம் ஒன்றுகூடச் செய்ய முடியாத வேலையை ஒலி செய்கிறது. அங்கே முதலாளியாக வருகிறவர் ஜேம்ஸ் க்ளீசன், படத்தின் வசனகர்த்தாக்களில் ஒருவர்.

சான்ஃபீல்ட் என்று நிஜமாக ஒருவர் இருந்தாரா?

‘ஃபாலீஸ்’ நிகழ்ச்சிகளால் பிராட்வேயை ஆண்ட ஃப்ளோரன்ஸ் ஸிக்ஃபெல்டைத்தான் பெயர் மாற்றிக் காட்டுகிறார்கள். அன்றைய ரசிகர் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சகோதரிகளின் கதைக்கு டங்கன் சகோதரிகள் என்ற வாடெவில் ஜோடி தூண்டுதல் என்று சொல்வதுண்டு.

இதற்குத் தொடர்ச்சி உண்டா?

1935, 1937, 1940 ஆண்டுகளில் ‘பிராட்வே மெலடி’ என்ற பெயரோடு மூன்று படங்கள் வந்தன. தலைப்பில் முறையே 1936, 1938, 1940 என்று ஆண்டு இருக்கும். கதைத் தொடர்பு கிடையாது. மூன்றிலும் எலினார் பவல் ஆடுகிறார், அதற்காகவே பார்க்கலாம். இதே கதையை மறுபடி எடுத்தது 1940இன் ‘டூ கேர்ல்ஸ் ஆன் பிராட்வே’.

படம் ஏன் சதுரமாகத் தெரிகிறது? சில பிரதிகளில் தலை வெட்டுப்படுகிறதே?

ஊமைப்பட ஃப்ரேம் 4:3. அதில் இடது ஓரத்தை ஒலித்தடம் எடுத்துக்கொண்டதும் மிஞ்சியது ஏறக்குறைய 1.2:1. இந்தச் சதுரம் பிடிக்காத தியேட்டர்கள் மேலும் கீழும் மறைத்து மறுபடி 4:3 ஆக்கினார்கள். அப்போது போனவை தலையும் காலும். ஆட்டப் படத்தில் கால் போனால் என்ன மிஞ்சும்? 1932இல்தான் 1.37:1 என்று பொது அளவு வந்து இந்தக் குழப்பம் தீர்ந்தது. பிரதியை வாங்கும் முன் ஆட்டக் காட்சி ஒன்றை ஓட்டிப் பாதங்கள் தெரிகின்றனவா என்று பாருங்கள்.

சங்கத்தில் திரையிட என்னென்ன கவனிக்க வேண்டும்?

படத்தை அகலத்துக்கு இழுக்கும் வசதிகள் எல்லாவற்றையும் புரொஜெக்டரில் அணைத்துவிடுங்கள். 16:9 திரையில் 1.2:1 படம் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் நிரப்பும். 4:3 பிரதி என்றால் நான்கில் மூன்று பங்கு. எட்டு மீட்டர் திரையானால் இருபுறமும் ஒரு மீட்டரோ அதற்கு மேலோ கறுப்பு நிற்கும். பக்கத் திரைச்சீலை இருந்தால் அதுவரை மூடிவிடுங்கள், கண் உறுத்தாது.

ஒலி ஒற்றைத் தடம். நடு ஸ்பீக்கர் ஒன்றே போதும். சரவுண்ட் விளைவுகளைப் போட்டால் வசனம் மண்டபமெங்கும் சிதறும். பேஸைக் கூட்டாதீர்கள், இந்தப் பதிவில் கீழே இருப்பது உறுமல் மட்டும்தான். 6,000 ஹெர்ட்ஸுக்கு மேலே பயனுள்ளது அதிகம் இல்லை, ட்ரெபிளைச் சற்றுக் குறைத்தால் இரைச்சல் அடங்கும். ஆனால் இரைச்சல் நீக்கும் மென்பொருளை நம்பி அதிகம் தேய்த்துவிட வேண்டாம். ‘ஸ்’, ‘ஃப்’ போன்ற மெய்கள் முதலில் போய்விடும். அப்புறம் வசனம் விளங்காது. மௌனமான இடங்களில் கேட்கும் ‘ஸ்ஸ்’ அந்தக் காலப் பதிவுக்கு இயல்பு. அதை அடக்கும் முறை 1930, 31 வாக்கில்தான் வந்தது. ஆங்கிலம் சரளமாகத் தெரிந்தவர்களுக்கும் சப்டைட்டில் போடுங்கள். 1920களின் மேடைக் கொச்சை எளிதில் பிடிபடாது.

இன்னொன்று: பழைய பால் (PAL) முறை டி.வி.டி.யில் படம் நொடிக்கு 25 ஃப்ரேம் ஓடும். சுமார் 100 நிமிடப் படம் 96 நிமிடத்தில் முடியும், சுருதி அரைச்சுரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஏறியிருக்கும். பாட்டைக் கேட்டு வாத்தியத்தில் வாசித்துப் பார்க்கிறவர்கள் தங்கள் காதைச் சந்தேகிக்க வேண்டாம்.

காப்புரிமை?

அமெரிக்காவில் 2025 ஜனவரி 1 முதல் இந்தப் படம் பொதுவுடைமை. வட்டில் சேர்த்திருக்கும் புது விளக்கப் படங்கள், அட்டை ஓவியம் போன்றவை அதில் அடங்கா. மற்ற நாடுகளில் அந்தந்த நாட்டுச் சட்டம். பாட்டின் உரிமையைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

முழுப் படம் பார்க்க நேரமில்லை. எதைப் பார்க்கலாம்?

பதிப்பகக் காட்சியைச் சொல்லிவிட்டோம். அடுத்தது ஒப்பனை அறை. எடியைத் தங்கையிடம் விரட்டிவிட்டு, ஹேங்க் கண்ணாடி முன் உட்கார்ந்து முகத்தில் கோல்ட் கிரீமைத் தடவுகிறாள். வேடத்தைக் கலைக்கும் கை வேலையைத் தொடர்கிறது. முகம் சிரிப்புக்கும் அழுகைக்கும் நடுவில் உடைகிறது. அப்புறம் போனை எடுத்து, ஊர் சுற்றும் ஒப்பந்தத்துக்குத் தயார் என்று சாதாரணக் குரலில் சொல்ல முயல்கிறாள்.

பேசும்படத்தையே சந்தேகித்த பிரெஞ்சு இயக்குநர் ரெனே க்ளேர் 1929இலேயே பாராட்டி எழுதிய இரண்டு இடங்களும் ஹேங்குடையவைதான். ஒன்று, அவள் ஜன்னலோரம் நின்று கீழே பார்க்கிறாள். காரின் கதவு அடிபடுகிறது, கார் கிளம்பிப் போகிறது. காரை நமக்குக் காட்டவேயில்லை. அவள் முகம் மட்டும். காட்டுவதை எல்லாம் கேட்க வைக்க வேண்டும் என்று எல்லோரும் நினைத்த காலத்தில், கேட்பதைக் காட்ட வேண்டியதில்லை என்று கண்டுகொண்ட இடம் இது. மற்றது, அவள் படுத்திருக்கிறாள், அழுகை முட்டிக்கொண்டு நிற்கிறது, காட்சி மெல்ல இருண்டு முகம் மறைந்துவிடுகிறது. திரை முழுக்கக் கறுத்த பிறகு ஒரே ஒரு விம்மல் கேட்கும். சங்கத்தில் போடும்போது படம் நின்றுவிட்டது என்று நினைத்து அங்கே விளக்கைப் போட்டுவிடாதீர்கள்.